சர்க்கரை இல்லாதவளுக்கு சர்க்கரை மாத்திரை எதுக்கு?

போன மாதம் ஹாஸ்டல் மெஸ்ஸில் சாப்பிட உட்காரும்போது என் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டை கீழே விழுந்தது. பக்கத்தில் இருந்தவள் எடுத்துப் பார்த்துவிட்டு, "மெட்ஃபார்மினா? உனக்கு சுகராடி?" என்றாள். மெதுவாகத்தான் கேட்டாள். ஆனாலும் மேசை முழுக்கக் கேட்டுவிட்டது. (மெஸ்ஸில் சாம்பார் இல்லை என்று கத்தினால் மட்டும் யாருக்கும் கேட்காது.)

"இல்லை" என்றேன். "அப்ப எதுக்கு இது?" என்றாள். எனக்கே தெரியவில்லை.

டாக்டர் என்னை எடை மெஷினில் நிற்க வைத்தார், பின்கழுத்தைப் பார்த்தார், ரத்தப் பரிசோதனை எழுதினார். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "சர்க்கரை நார்மல், ஆனா இன்சுலின் ரெசிஸ்டன்ஸ் இருக்கு, எடையைக் குறைங்க, இதைச் சாப்பிடுங்க" என்றார். எல்லாம் சேர்த்து மூன்று நிமிடம். வீட்டில் சித்தி அட்டையைப் பார்த்ததும், "அடியே, அது கிட்னியைத் தின்னுடும், இந்த வயசுல இது வேண்டாம்டி" என்று சொல்லிவிட்டார். நானும் பயந்து ஒரு வாரம் நிறுத்தினேன். அப்புறம்தான் இந்த மாத்திரை எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன். தேடியதை இங்கே எழுதுகிறேன். இது வரலாறு மட்டும்தான் மக்களே, மருத்துவ ஆலோசனை இல்லை. மாத்திரை விஷயத்தில் என்னை நம்பி எதுவும் செய்துவிடாதீர்கள்!

முதலில் இன்சுலின் எதிர்ப்பு என்றால் என்ன? இன்சுலின் கதவைத் தட்டுகிறது, உள்ளே இருக்கிற தாத்தாவுக்குக் காது மந்தம். அதனால் கணையம் இன்னும் பலமாகத் தட்டுகிறது, அதாவது இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கிறது. தட்டித் தட்டிக் கதவு திறக்கிற வரைக்கும் ரத்தத்தில் சர்க்கரை நார்மலாகத்தான் இருக்கும். கணையம் களைத்துப் போகிற அன்றைக்குத்தான் சர்க்கரை ஏறும். அந்த நாள் சிலருக்கு வரும், சிலருக்கு வராமலே போகும்.

இதை முதலில் தெளிவாகக் காட்டியவர் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையின் ஹரால்ட் ஹிம்ஸ்வொர்த். 1936ல் அவர் செய்த சோதனை ரொம்ப எளிமையானது. நோயாளிக்கு ஒரே நேரத்தில் குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்து, இன்சுலின் ஊசியும் போட்டார். சிலருக்குச் சர்க்கரை ஏறவே இல்லை. சிலருக்கோ இன்சுலின் போட்டது தெரியாத மாதிரி ஏறிக்கொண்டே போனது. ஆகவே நீரிழிவில் இரண்டு வகை உண்டு, ஒன்று இன்சுலினுக்கு மசிகிற வகை, இன்னொன்று மசியாத வகை என்று 'லான்செட்' இதழில் எழுதினார். அப்போது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. இன்சுலின் போதாததால்தான் நீரிழிவு வருகிறது என்று எல்லோரும் நம்பிய காலம். ரத்தத்தில் எவ்வளவு இன்சுலின் இருக்கிறது என்று சரியாக அளக்கவும் வழி இல்லை.

அந்த வழியைக் கண்டுபிடித்தவர்கள் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனையில் வேலை பார்த்த ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும். யாலோ இயற்பியல் படித்தவர். துடைப்பமும் வாளியும் வைக்கிற சின்ன அறையைத்தான் ஆய்வுக்கூடமாக மாற்றிக்கொண்டார் என்பார்கள். 1960ஐ ஒட்டி அவர்கள் அளந்து பார்த்தபோது, நடுவயதில் நீரிழிவு வந்தவர்களின் ரத்தத்தில் இன்சுலின் குறைவாக இல்லை. பலருக்கு அதிகமாகவே இருந்தது! பெர்சன் 1972லேயே இறந்துவிட்டார். 1977ல் நோபல் பரிசு யாலோவுக்கு மட்டும் கிடைத்தது.

அடுத்ததுதான் என் கேஸ் :-) 1962ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ராபினோவிட்ஸ், ஸியர்லர் என்ற இருவர், உடல் பருமன் உள்ளவர்களின் முன்கை ரத்தக் குழாயில் நேராக இன்சுலினைச் செலுத்தி, தசை எவ்வளவு குளுக்கோஸை இழுக்கிறது என்று பார்த்தார்கள். ஒல்லியானவர்களின் தசை இழுத்த அளவுக்கு இவர்களின் தசை இழுக்கவில்லை. சர்க்கரை வியாதி வருவதற்கு வெகு முன்னாலேயே பருத்த உடலில் இந்தக் காது மந்தம் வந்துவிடுகிறது.

பின்கழுத்து விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். கழுத்தில், அக்குளில் வெல்வெட் மாதிரி தடித்துக் கறுத்துப் போகிற தோல். எங்கள் வீட்டில் அதற்கு எலுமிச்சம்பழமும் பயத்தமாவும் போட்டு ஆறு வருடம் தேய்த்தார்கள். "ஒழுங்கா அழுக்குத் தேய்ச்சுக் குளிக்கிறதில்லை" என்ற திட்டு இலவசம். 1976ல் ரொனால்ட் கான், ஜெஃப்ரி ஃபிளையர் முதலானவர்கள் இந்தக் கறுப்பையும் கடுமையான இன்சுலின் எதிர்ப்பையும் சேர்த்து விவரித்து ஒரு கட்டுரை எழுதினார்கள். ரத்தத்தில் இன்சுலின் மிதமிஞ்சி இருந்தால் அது தோல் செல்களை வளரத் தூண்டுகிறது. அது அழுக்கே இல்லை. அந்தக் கட்டுரையைப் பற்றிப் படித்த ராத்திரி நான் கொஞ்சம் அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, மாத்திரைக்கு வருவோம்.

இதன் மூதாதை ஐரோப்பாவில் வளரும் ஒரு செடி. பெயர் கலேகா அஃபிசினாலிஸ். நாட்டு வைத்தியத்தில் பயன்பட்டது, ஆனால் ஆடு மாடு அதிகம் மேய்ந்தால் செத்துப்போகும். 1891ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் தீவனத்துக்காகப் பயிரிட்டுப் பார்த்தார்கள். அது கைமீறிப் பரவி, இப்போது அங்கே அரசாங்கப் பட்டியலில் கெட்ட களை! இந்தச் செடியில் உள்ள கலெஜின் என்ற பொருள் குவானிடின் வகையைச் சேர்ந்தது. குவானிடின் சர்க்கரையைக் குறைக்கும், ஆனால் நஞ்சு என்று 1918லேயே தெரிந்தது. அதனால் அதன் உறவுக்காரப் பொருட்களைத் தேடினார்கள். 1922ல் டப்ளினில் வெர்னர், பெல் என்ற இரு வேதியியலாளர்கள் மெட்ஃபார்மினைத் தயாரித்தார்கள், மருந்தாக்கும் எண்ணம் இல்லாமலே. 1929ல் ஜெர்மனியில் முயல்களுக்குக் கொடுத்ததில் சர்க்கரை குறைந்தது. அதோடு சரி. இன்சுலின் வந்து உலகமே கொண்டாடிக்கொண்டிருந்தபோது இந்த மாத்திரையைத் தேட ஆளில்லை.

அது திரும்பி வந்த வழிதான் வேடிக்கை. பிலிப்பைன்ஸில் யூசெபியோ கார்சியா என்ற மருத்துவர் இதை ஃப்ளூ காய்ச்சலுக்குக் கொடுத்துப் பார்த்தார். அவர் மருந்துக்கு வைத்த பெயர் ஃப்ளூமமின். நோயாளிகளின் சர்க்கரை இறங்குகிறது என்று 1950ஐ ஒட்டிய கட்டுரையில் குறிப்பிட்டிருந்தார். இது பாரிஸில் ஜான் ஸ்டெர்ன் என்ற மருத்துவரின் கண்ணில் பட்டது. மாணவப் பருவத்தில் கலெஜினோடு மல்லுக்கட்டியவர் அவர். மறுபடி ஆய்வில் இறங்கி, 1957ல் முடிவுகளை வெளியிட்டார். மருந்துக்கு 'குளுக்கோஃபேஜ்' என்று பெயரும் வைத்தார். குளுக்கோஸைத் தின்பது என்று அர்த்தம். (சித்தி சொன்ன 'தின்னுடும்' பாதி சரி. தின்கிற பொருள்தான் வேறு.)

அந்த 1957லேயே அமெரிக்காவில் இதன் அண்ணன் பிறந்துவிட்டான். பெயர் ஃபென்ஃபார்மின். தம்பியைவிட வீரியம் அதிகம். அமெரிக்க டாக்டர்கள் இதைத்தான் எழுதினார்கள். சில வருடங்களில், இதைச் சாப்பிட்டவர்களில் சிலருக்கு ரத்தத்தில் லாக்டிக் அமிலம் தேங்கி உயிர் போவது தெரிய வந்தது. கல்லீரல்தான் ஃபென்ஃபார்மினை மாற்றி வெளியேற்ற வேண்டும். பிறவியிலேயே அந்த வேலை மெதுவாக நடக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு மருந்து உடலில் சேர்ந்துகொண்டே போகும். 1977ல் அமெரிக்க சுகாதாரத் துறைச் செயலாளர் ஜோசஃப் கலிஃபானோ, 'உடனடி ஆபத்து' என்று சொல்லி மருந்தைத் தடுக்கும் அதிகாரத்தை இதன்மேல்தான் முதல்முறையாகப் பயன்படுத்தினார். மற்ற நாடுகளும் ஒவ்வொன்றாக விலக்கின.

அண்ணன் செய்த கொலைக்குத் தம்பிக்கும் கெட்ட பெயர். பிரிட்டனிலும் பிரான்ஸிலும் 1950களின் கடைசியிலிருந்தே மெட்ஃபார்மின் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் அமெரிக்காவுக்குள் அது நுழைய 1994 டிசம்பர் வரை ஆனது. 37 வருடம்! இத்தனைக்கும் மெட்ஃபார்மினில் லாக்டிக் அமிலச் சிக்கல் மிக அரிது. காரணம், அது கல்லீரலில் மாறுவதே இல்லை, முழுசாகச் சிறுநீரில் போய்விடும்.

சித்தியின் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இங்கேதான் புரிந்தது. மெட்ஃபார்மின் கிட்னி வழியாகத்தான் வெளியேற வேண்டும். கிட்னி ஏற்கெனவே கெட்டிருந்தால் மருந்து வெளியேறாமல் தேங்கி, அண்ணன் செய்த வேலையைத் தம்பியும் செய்துவிடலாம். அதனால் கிட்னி மோசமானவர்களுக்கு டாக்டர்கள் இதை நிறுத்துவார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு நிறுத்தினார்கள், அவருக்குக் கிட்னியும் போயிருந்தது. அப்படியானால் மாத்திரைதான் கிட்னியைக் கெடுத்தது! தெருவில் கதை இப்படித் தலைகீழாகத்தான் நடக்கிறது. 2016ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, லேசான கிட்னிக் கோளாறு உள்ளவர்களும் சாப்பிடலாம் என்று எச்சரிக்கையைத் தளர்த்தியது. ரொம்ப மோசமானவர்களுக்கு மட்டும் இப்போதும் கூடாது. நீண்ட நாள் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம் என்பது உண்மையான குறை. வயிற்றைக் கலக்குவதும் உண்மை. முதல் வாரம் நான் பட்ட பாட்டை இங்கே எழுத முடியாது.

தம்பிக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது 1998ல் பிரிட்டனில் முடிந்த பெரிய ஆய்வு. ஆக்ஸ்ஃபோர்டின் ராபர்ட் டர்னர் தலைமையில் இருபது வருடம் நடந்தது. அதில் எடை அதிகமான நீரிழிவுக்காரர்கள் 342 பேர் மெட்ஃபார்மின் எடுத்தார்கள். உணவுக் கட்டுப்பாடு மட்டும் இருந்த 411 பேரோடு ஒப்பிட்டால், எல்லா வகை மரணமும் 36 சதவீதம் குறைவு, மாரடைப்பு 39 சதவீதம் குறைவு. எடையும் ஏறவில்லை. ஆனால் 342 ஒன்றும் பெரிய எண்ணிக்கை இல்லை. அதே ஆய்வின் இன்னொரு பகுதியில், பழைய வகை மாத்திரையோடு மெட்ஃபார்மினைச் சேர்த்துக் கொடுத்தவர்களில் மரணம் அதிகமாகத் தெரிந்தது. இந்த இரண்டாவது செய்தியைப் பலர் சொல்வதில்லை, அதனால் சொல்கிறேன்.

இதுவரை பார்த்தது தற்செயலாகக் கிடைத்த மருந்து. இன்சுலின் எதிர்ப்பையே குறிவைத்துத் தேடிய மருந்துகளின் கதை வேறு. 1980களில் ஜப்பானிய கம்பெனிகள் பருத்த எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்துப் பொறுக்கி எடுத்த குடும்பம் அது. பெயர் கிளிட்டசோன்கள். மருந்து கையில் இருந்தது, ஆனால் அது எங்கே வேலை செய்கிறது என்பது 1995ல்தான் பிடிபட்டது. கொழுப்பு செல்களுக்குள் இருக்கும் ஒரு ஸ்விட்சை அது போடுகிறது. புதிய கொழுப்பு செல்கள் உருவாகி, கல்லீரலிலும் தசையிலும் கிடந்த கொழுப்பைத் தோலுக்கடியில் வாங்கி வைத்துக்கொள்கின்றன. எதிர்ப்பு நிஜமாகவே குறைகிறது. ஆனால் எடை ஏறுகிறது! எடையால் வந்த கோளாறுக்கு எடை கூட்டும் மருந்து. என்ன கொடுமை சார் இது?

முதலில் கடைக்கு வந்தது ட்ரோகிளிட்டசோன், அமெரிக்காவில் பெயர் ரெசுலின். 1997 ஜனவரியில் அவசர அவசரமாக அனுமதித்தார்கள். அதற்கு முன்பே கல்லீரலைப் பற்றிக் கேள்வி எழுப்பிய அரசு மருத்துவ ஆய்வாளர் ஒருவரை அந்தக் கோப்பிலிருந்து விலக்கிவிட்டார்கள். மருந்து வந்த பிறகு கல்லீரல் செயலிழப்புகள் வர ஆரம்பித்தன. பிரிட்டனில் அதே வருடம் டிசம்பரிலேயே விற்பனை நின்றது. அமெரிக்காவில் நிற்கவில்லை.

இதற்கு நடுவே, இன்னும் நீரிழிவு வராத, வரும் நிலையில் இருக்கிற ஆட்களுக்கு (அதாவது என்னைவிட ஒரு படி மேலே இருப்பவர்களுக்கு) என்ன கொடுத்தால் நோயைத் தள்ளிப்போடலாம் என்று அமெரிக்க அரசு ஒரு ஆய்வைத் தொடங்கியிருந்தது. அதில் 585 பேருக்கு ட்ரோகிளிட்டசோன். அவர்களில் ஒரு பெண் கல்லீரல் செயலிழந்து இறந்துபோனார். அவருக்கு நீரிழிவே கிடையாது. வராமல் தடுக்கத்தான் மாத்திரை எடுத்தார். 1998 ஜூனில் அந்த ஆய்வில் ட்ரோகிளிட்டசோனை நிறுத்திவிட்டார்கள். ஆய்வில் நிறுத்திய மருந்து கடையில் எத்தனை நாள் விற்றது தெரியுமா? 2000 மார்ச் வரை. அறுபதுக்கும் மேற்பட்ட கல்லீரல் மரணங்கள் அதன் கணக்கில் சேர்ந்தன. இதை விடாமல் தோண்டி எழுதிய 'லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்' நிருபர் டேவிட் வில்மனுக்கு 2001ல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

அந்தப் பெண்ணைப் பற்றி நிறைய யோசித்தேன். என் மாதிரியே நோய் இல்லாதவர். யாரோ ஒரு டாக்டர் நல்ல எண்ணத்தோடுதான் மாத்திரை கொடுத்திருப்பார். சித்தி பயப்படுவதில் தப்பே இல்லை, மாத்திரையைத்தான் மாற்றிச் சொல்லிவிட்டார்.

தம்பிகள் இருவர் கதை சுருக்கமாக. ரோசிகிளிட்டசோன் 1999ல் வந்தது. 2007ல் ஸ்டீவன் நிஸ்ஸன் பழைய ஆய்வுகளையெல்லாம் கூட்டிக் கணக்குப் போட்டு, மாரடைப்பு ஆபத்து 43 சதவீதம் கூடுகிறது என்றார். 2010ல் ஐரோப்பாவும் இந்தியாவும் நிறுத்தின. 2013ல் அமெரிக்கா கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. பயோகிளிட்டசோனை இந்தியா 2013 ஜூனில் தடை செய்து, ஜூலை கடைசியில் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் எச்சரிக்கையோடு திரும்ப அனுமதித்தது. இன்றும் சிலருக்கு எழுதுகிறார்கள்.

அமெரிக்க ஆய்வின் மிச்சப் பகுதி 2002ல் வெளியானது. மொத்தம் 3,234 பேர். நடைப்பயிற்சி, உணவு மாற்றம், ஏழு சதவீத எடைக்குறைப்பு என்று பாடுபட்டவர்களில் நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் எடுத்தவர்களில் 31 சதவீதம். மாத்திரை தோற்றது என்று இதைச் சொல்வார்கள். ஆனால் இளவயதுக்காரர்களிடமும் ரொம்பப் பருத்தவர்களிடமும் மாத்திரை கிட்டத்தட்ட நடைப்பயிற்சி அளவுக்கு வேலை செய்தது. என் டாக்டர் ஒரு வரியில் இதைச் சொல்லியிருக்கலாம்.

நம் ஊரிலும் செய்து பார்த்திருக்கிறார்கள். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை மூன்று வருடம் கவனித்து 2006ல் வெளியிட்டார்கள். ஒன்றும் செய்யாதவர்களில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. அமெரிக்கர்களைவிட நம்மவர்கள் ஒல்லி, ஆனாலும் வேகமாக வந்தது. உணவும் நடையும் மாற்றியவர்களில் 39.3, மெட்ஃபார்மின் எடுத்தவர்களில் 40.5, இரண்டும் செய்தவர்களில் 39.5 சதவீதம். கொடுத்த அளவு 250 மி.கி. இரண்டு வேளை மட்டும், அமெரிக்க டோஸில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. இரண்டையும் சேர்த்தால் கூடுதல் பலன் இல்லை என்பது எனக்கு ஏமாற்றம்தான். மாத்திரையும் போட்டு, காலையில் எழுந்து நடக்கவும் செய்கிறேனே!

இவ்வளவுக்குப் பிறகும் மெட்ஃபார்மின் எப்படி வேலை செய்கிறது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. கல்லீரல் சர்க்கரை தயாரிப்பதைக் குறைக்கிறது என்பது வரை சரி. 2001ல் ஒரு நொதியைக் கைகாட்டினார்கள், 2010ல் அந்த நொதி இல்லாத எலிகளிலும் மருந்து வேலை செய்தது. இப்போது குடலையும் சந்தேகிக்கிறார்கள். தசையின் காது மந்தத்தை இது பெரிதாகச் சரிசெய்வதில்லை என்று சொல்பவர்களும் உண்டு. நீரிழிவு இல்லாமல் வெறும் இன்சுலின் எதிர்ப்புக்கு என்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்றுவரை எதுவும் கிடையாது. எனக்கு எழுதியதும் டாக்டரின் சொந்த முடிவில்தான்.

ஊசிகளைப் பற்றிக் கேட்பீர்கள். யாலோ வேலை பார்த்த அதே பிராங்க்ஸ் மருத்துவமனையில், ஜான் எங் என்பவர் ஹீலா மான்ஸ்டர் என்ற பல்லியின் விஷத்தில் ஒரு பொருளைக் கண்டு 1992ல் எழுதினார். அதிலிருந்து வந்த மருந்துக்கு 2005ல் அனுமதி கிடைத்தது. அந்த வழியில் வந்தவைதான் செமாக்ளூட்டைடும் டிர்செபட்டைடும். இவை முக்கியமாகப் பசியைக் குறைத்து எடையை இறக்குகின்றன, எடை இறங்கினால் எதிர்ப்பும் இறங்குகிறது. 2024ல் வந்த மூன்று வருட ஆய்வில், பருமனோடு நீரிழிவின் வாசலில் இருந்தவர்களில் டிர்செபட்டைட் எடுத்தவர்களுக்கு 1.3 சதவீதம்தான் நீரிழிவு வந்தது, மற்றவர்களுக்கு 13.3. பிரமாதம்தான். நிறுத்தினால் எடை திரும்புகிறது என்பதும் ஆய்வுகளில் வந்திருக்கிறது. விலையைக் கேட்டுவிட்டு அப்பா பேச்சை மாற்றிவிட்டார்.

நான் மறுபடி டாக்டரிடம் போய், கிட்னிப் பரிசோதனை செய்யலாமா என்று கேட்டேன். செய்தார்கள், கிரியாட்டினின் 0.7. அந்த ரிப்போர்ட்டை சித்திக்கு போட்டோ எடுத்து அனுப்பினேன். "சரி, சாப்பிட்ட உடனே போடு, வெறும் வயித்துல போடாதே" என்று பதில் வந்தது.

மெஸ்ஸில் கேட்டவளுக்கும் இதைத்தான் சொன்னேன், கொஞ்சம் சுருக்கமாக. அவள் சட்டைக் காலரை இறக்கிப் பின்கழுத்தைக் காட்டி, "அப்ப இது அழுக்கு இல்லையா?" என்றாள். சனிக்கிழமை ரெண்டு பேரும் டாக்டரிடம் போகிறோம். அடுத்த பதிவு செமஸ்டர் முடிந்த பிறகு.